ஜாவாவில் ஒரு மாதம் தங்கி பத்திக் கற்றுக்கொள்வது எப்படி

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். போன வருடம் கோடை விடுமுறையில் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவுக்குப் போய், யோக்யகர்த்தா நகரத்துக்குத் தெற்கே 28 நாள் தங்கி, பத்திக் எழுதக் கற்றுக்கொண்டு வந்தேன். ‘எழுத’ என்றுதான் சொல்ல வேண்டும். கையால் செய்யும் பத்திக்குக்கு அங்கே பெயரே பத்திக் தூலிஸ். தூலிஸ் என்றால் எழுதுவது. உருகிய மெழுகால் துணியில் எழுதி, சாயத்தில் முக்கி, பிறகு மெழுகைக் களைந்தால் எழுதிய இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும்.

திரும்பி வந்ததும் எல்லாரும் எத்தனை இடம் பார்த்தீர்கள் என்றே கேட்டார்கள். போரோபுதூர் புத்தக் கோயிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். பாலிக்குப் போகவில்லை. மற்ற நாளெல்லாம் ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். இப்படிப் போக நினைக்கிற ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர் விவரம் கேட்டதால் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பார்க்க வேண்டிய ஊர்களை வைத்து நாள் கணக்குப் போடாதீர்கள். ஒரு துணி முடிய எத்தனை நாள் ஆகுமோ அதை வைத்துப் போடுங்கள்.

எத்தனை நாள், எந்த மாதம்

புடவை அளவுத் துணி ஆசை வேண்டாம். பழகிய கைக்கே பெரிய துணி மாதக்கணக்கில் ஆகும். புதிதாகக் கற்பவருக்கு முதல் வாரம் கைக்குட்டைகளிலேயே போய்விடும். அதன் பிறகு அரை மீட்டர் அகலம், 2 மீட்டர் நீளத்தில் ஒரு சால்வை எடுத்தால், படம் பெயர்க்க இரண்டு நாள், மெழுகெழுத எட்டு ஒன்பது நாள், சாயத்துக்கும் மெழுகு களையவும் மூன்று நான்கு நாள். இடையில் கை வலிக்கும், காய்ச்சல் வரும், உங்களுக்குக் கற்றுத்தரும் இபுவின் (இபு என்றால் அம்மா, மூத்த பெண்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) உறவினர் வீட்டில் கல்யாணம் வரும். அதையும் சேர்த்தால் 25 நாள் சரியாக இருக்கும். பத்து நாள்தான் கிடைக்கும் என்றால் கைக்குட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் நல்ல பாடம்தான்.

நமக்கு வாய்ப்பான மாதம் மே. ஜாவாவில் மழை ஓய்ந்து வறண்ட பருவம் தொடங்குகிற நேரம், துணி நன்றாகக் காயும். நவம்பரிலிருந்து மார்ச் வரை மழை. ரம்ஜான் எப்போது வருகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். பெருநாளை ஒட்டி எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், பட்டறைகள் பூட்டியிருக்கும்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இறங்கியதும் விசா கிடைக்கும். கட்டணம் 5 லட்சம் ரூபியா, நம் பணத்தில் 2,700 ரூபாய் அளவில். இணையத்தில் முன்கூட்டியே எடுத்தும் போகலாம். 30 நாள் செல்லும், ஒரு முறை இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். இறங்கிய நாளையே முதல் நாளாக எண்ணுவார்கள். ஒரு நாள் கூடினாலும் நாளுக்கு 10 லட்சம் ரூபியா அபராதம். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், திரும்பி வரும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். இந்த விசாவில் அங்கே சம்பாதிக்கக் கூடாது. நீங்கள் எழுதிய துணியை அங்கே விற்காதீர்கள். விதிகள் மாறுவதுண்டு, கிளம்பும் மாதத்தில் மறுபடி பார்த்துவிடுங்கள். என்னைப் போல அரசு வேலையில் இருப்பவர்கள் வெளிநாடு போக தடையின்மைச் சான்றுக்குப் பொங்கல் முடிந்ததுமே எழுதிப் போட்டுவிடுவது நல்லது.

இளைஞர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. இந்தோனேசிய அரசு 1974 முதல் தர்மசிஸ்வா என்ற உதவித்தொகை தருகிறது. வெளிநாட்டு மாணவர்கள் அங்கே பல்கலைக்கழகங்களில் மொழியும் கலையும் படிப்பதற்கானது. சிஸ்வா என்பது நம் சிஷ்யன்தான். வயது இருந்திருந்தால் நான் அதில்தான் போயிருப்பேன்.

இபுவைக் கண்டுபிடிப்பது

நான் செய்த ஒரு தவறை இங்கே சொல்ல வேண்டும். ஊரிலிருந்தே இணையத்தில் பார்த்து, நகரத்தில் ஒரு வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டுப் போனேன். படம் ஏற்கெனவே பென்சிலால் போட்டு வைத்திருந்தார்கள். மெழுகு உருகித் தயாராக இருந்தது. நான் ஒரு பூவின் ஓரத்தை எழுதினேன், மீதியை ஒரு பையன் எழுதி முடித்தான். சாயம் போட்டு, காயவைத்து, மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். மூன்று மணி நேரம். அந்தத் துணியில் என் கை பட்டது பத்து நிமிடம் இருக்கும். அன்று இரவு எனக்கு அழுகை வந்தது.

அதனால் முதல் நான்கு இரவுகளுக்கு மட்டும் நகரத்தில் அறை எடுங்கள். அந்த நாட்களில் மூன்று நான்கு இடங்களுக்கு நேரில் போய் உட்கார்ந்து பாருங்கள். யோக்யகர்த்தாவுக்கு உலகக் கைவினை மன்றம் 2014இல் பத்திக் நகரம் என்ற பட்டம் கொடுத்திருக்கிறது, பட்டறைக்குக் குறைவில்லை. நகரத்திலேயே இருக்க விரும்பினால் அரசின் கைவினை மற்றும் பத்திக் மையத்தில் பயிற்சி தருகிறார்களா என்று கேட்கலாம். எனக்கு மனம் ஒட்டியது கிரிலோயோவில். நகரத்துக்குத் தெற்கே 17 கிலோமீட்டர் அளவில், பந்துல் மாவட்டத்தின் வுகிர்சாரி கிராமத்தில், இமோகிரி அரச சமாதிக் குன்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இமோகிரி என்றால் இமகிரிதான். அந்தப் பக்கத்துப் பெண்கள் தலைமுறைகளாக நகரத்து வியாபாரிகளுக்குக் கூலிக்கு மெழுகெழுதிக் கொடுத்தவர்கள். 2006 மே 27 நிலநடுக்கத்தில் பந்துல் இடிந்து விழுந்தது. அதற்குப் பிறகு குழுக்களாகச் சேர்ந்து, சாயமும் தாங்களே போட்டு, தங்கள் பெயரிலேயே விற்க ஆரம்பித்தார்கள். வுகிர்சாரி 2024இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பின் சிறந்த கிராமங்கள் பட்டியலில் இடம்பெற்றது.

எங்கே போனாலும் இதையெல்லாம் கேளுங்கள். தினமும் வரலாமா? மெழுகு காய்ச்சுவதை நானே செய்யலாமா? சாயம் போடவும் மெழுகு களையவும் விடுவீர்களா? என் துணி கெட்டுப்போனால் நீங்கள் திருத்தாமல் விட்டுவிடுவீர்களா? கடைசிக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே தலையாட்டியவரிடம்தான் சேர்ந்தேன். காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணி வரை, நாளுக்கு 1 லட்சம் ரூபியா. துணிக்கும் மெழுகுக்கும் தனி. பேரம் பேசவில்லை, நீங்களும் பேச வேண்டாம். ஒரு சால்வையை அவர் எழுதி விற்க எத்தனை நாள் ஆகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பேரம் பேச வாய் வராது.

அறை, சாப்பாடு, பேச்சு

நகரத்தில் தங்கினால் ‘கோஸ்’ தேடுங்கள். மாத வாடகைக்கு விடும் ஒற்றை அறை அது. மாணவர் நகரம் என்பதால் தெருவுக்குத் தெரு உண்டு. நான் கிராமத்திலேயே ஒரு வீட்டின் முன்னறையை 15 லட்சம் ரூபியாவுக்கு எடுத்தேன், நம் பணத்தில் 8,000 ரூபாய். வந்த அன்றே வீட்டுக்காரர் பாஸ்போர்ட் நகலை வாங்கிக்கொண்டு ‘பாக் எர்த்தே’யிடம் சொல்லிவிட்டு வந்தார். அவர் அந்தத் தெருவுக்குத் தலைவர் மாதிரி. புதிதாக ஆள் தங்கினால் அவருக்குத் தெரிய வேண்டும். மறுநாள் நானே போய் வணக்கம் சொன்னேன். அதற்குப் பிறகு தனியாக வந்த வெளிநாட்டுக்காரி என்ற பார்வை தெருவில் இல்லை.

நான் சைவம். அங்கே கஷ்டம் இல்லை, ஆனால் ‘தெராசி’ என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். இறால் விழுது அது, சம்பால் என்ற மிளகாய்ச் சட்னியில் இருக்கும். ‘தன்பா தெராசி’ என்றால் அது வேண்டாம் என்று பொருள். டெம்பே என்ற புளித்த சோயாக் கட்டியும் சோறும் கீரையும் எங்கும் கிடைக்கும். குடெக் என்று பலா மூசைத் தேங்காய்ப்பாலில் பனைவெல்லம் போட்டு மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள், பெரும்பாலும் முட்டையோ கோழியோ சேர்த்துத் தருவார்கள், சொல்லி வாங்க வேண்டும். இமோகிரிப் பக்கம் வெடாங் உவுஹ் என்று ஒரு பானம். பெயருக்குக் குப்பைப் பானம் என்று பொருள். கிராம்பு இலை, ஜாதிக்காய் இலை, இஞ்சி, சிவப்பு நிறம் விடும் ஒரு மரச்சிராய் எல்லாம் கிளாசில் மிதக்கும். மெழுகுப் புகையில் உட்கார்ந்த தொண்டைக்கு அவ்வளவு இதம்.

மொழிக்குப் பயப்படாதீர்கள். இந்தோனேசிய மொழியில் காலத்துக்கு ஏற்ப வினை மாறாது, ஆண்பால் பெண்பால் இல்லை. கப்பல் அங்கேயும் காப்பால், பெட்டி பெத்தி, கடை கெடாய். கிளம்பும் முன் இரண்டு மாதம் தினம் அரை மணி நேரம் படித்தேன், போதுமானதாக இருந்தது. ஆனால் வீட்டுக்குள் அவர்கள் பேசுவது ஜாவா மொழி. அதில் பெரியவர்களிடம் பேசும் நடை வேறு, தோழிகளிடம் பேசும் நடை வேறு. நமக்கு அது சட்டென்று புரிந்துவிடும். மரியாதை நடையில் நான்கு சொல் போதும்: காலையில் ‘சுகெங் எஞ்ஜிங்’, ஆமாம் என்பதற்கு ‘ங்கிஹ்’, நன்றிக்கு ‘மாத்துர் நுவுன்’, ஆட்களைத் தாண்டிப் போகும்போது சற்றுக் குனிந்து ‘நுவுன் சேவு’. வயதில் மூத்த பெண் ‘பு’, என் வயதுக்காரிகள் ‘எம்பாக்’. எங்கள் இபுவின் பெயரைக்கூட இரண்டாவது வாரம்தான் கேட்டேன்.

மெழுகு

இனி வேலை. எழுதும் கருவிக்குச் சாந்திங் என்று பெயர். மூங்கில் கைப்பிடி, நுனியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு செப்புக் கிண்ணம், அதிலிருந்து வளைந்து வரும் ஊசி போன்ற மூக்கு. துணியை கவாங்கான் என்ற மரச்சட்டத்தில் தொங்கப்போட்டு, இடது உள்ளங்கையைத் துணிக்குப் பின்னால் தாங்கலாக வைத்து, வலது கையால் எழுத வேண்டும். மெழுகு வெறும் மெழுகு இல்லை. தேன்மெழுகு, பாரஃபின், பைன் பிசின், குங்கிலிய வகை, கொஞ்சம் கொழுப்பு எல்லாம் கலந்த கலவை. சிறு வாணலியில் குறைந்த சூட்டில் எப்போதும் உருகியபடி இருக்கும்.

முதல் நாள் நான் போட்ட கோடு எனக்கு நன்றாகவே தெரிந்தது. முப்பது வருடமாக வாசலில் கோலம் போடுகிற கை. நேர்கோடு நேராக வந்தது, வளைவு வளைவாக வந்தது. இபு துணியைப் பார்க்கவே இல்லை. வாங்கித் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தார். ‘பெலும்’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னும் இல்லை என்று பொருள்.

பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. மெழுகு துணியின் மேலேயே உறைந்துவிட்டது, இழைக்குள் இறங்கவில்லை. இறங்காவிட்டால் பின்னாலிருந்து சாயம் புகுந்து கோட்டைத் தின்றுவிடும். மெழுகு மறுபக்கம் வருவதற்கு அவர்கள் சொல்லும் சொல் ‘தெம்புஸ்’. என் முதல் வாரம் முழுவதும் இந்த ஒரு சொல்தான்.

மேலே வெளிறி மேடாக நின்றால் சூடு போதாது. வாணலி புகைந்தால், கோடு பரந்து ஓடினால் சூடு அதிகம். சரியான சூட்டில் விழுந்த கோடு ஈரம் பட்ட காகிதம் மாதிரி கண்ணாடியாகத் தெரியும், திருப்பினால் அந்தப் பக்கமும் அதே கோடு. சாந்திங்கை முக்கால் கிண்ணம் நிரப்புங்கள். வாணலி விளிம்பில் அடியைத் துடையுங்கள், இல்லையென்றால் சொட்டும். மூக்கை ஒரு முறை லேசாக ஊதி அடைப்பை எடுத்துவிட்டு உடனே எழுதுங்கள். எழுதும்போது யோசிக்கக் கூடாது. கை நின்றால் அந்த இடத்தில் குளம் கட்டும். கோலமாவில் விரல் கோட்டின் பருமனைப் பார்த்துக்கொள்ளும். இங்கே அதைப் பார்த்துக்கொள்வது வேகமும் சூடும். எனக்கு இது புரிய ஆறு நாள் ஆனது. ஏழாம் நாள் நான்காவது கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்த இபு ஒன்றும் சொல்லாமல் அடுத்த துணியை எடுக்கப் போனார். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த மூன்று பெண்களும் கைதட்டினார்கள்.

சால்வைக்கு என்ன உருவம் என்று உங்கள் இபுவிடமே விட்டுவிடுங்கள். எனக்கு ‘ட்ருந்தும்’ என்ற உருவத்தைக் கொடுத்தார். இருட்டு நிறத் தரையில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். சிலர் நட்சத்திரம் என்பார்கள், சிலர் தஞ்சோங் பூ என்பார்கள். தஞ்சோங் நம் மகிழம்பூ. சூரகர்த்தா மன்னர் மூன்றாம் பாக்குபுவனாவின் அரசி, கணவரின் மனம் விலகிய காலத்தில் தனியாக உட்கார்ந்து இதை எழுதினாராம். பக்கத்தில் வந்து பார்க்கப் பார்க்க மன்னரின் அன்பு திரும்பியதாம். அதனால் கல்யாணத்தில் பெண்ணின் பெற்றோரும் மாப்பிள்ளையின் பெற்றோரும் இதை உடுத்துகிறார்கள். ஒரு பூவுக்கு நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் குட்டிக் கோடுகள். என் சால்வையில் பூ மட்டும் 600க்கு மேல்.

சாயத்துக்கு இபு ஊறவைத்தது மூன்று மரங்களின் சரக்கு. அதில் ஜம்பால் என்று அவர்கள் சொல்லும் பட்டை, நம் சாலையோரங்களில் மஞ்சளாகப் பூத்துக் கொட்டும் பெருங்கொன்றையுடையது. தினம் அதன் கீழே பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன், அதில் சாயம் இருப்பது தெரியாது. ஆறிய சாயத்தில் முக்கி நிழலில் காயவைத்து மறுபடி முக்க வேண்டும். பதினொரு முறை முக்கினோம். கடைசியில் நிறம் நிற்கக் கரைசல். படிகாரம் என்றால் வெளிர் நிறம், சுண்ணாம்பு என்றால் சிவந்த பழுப்பு, அன்னபேதி என்றால் கறுப்பை ஒட்டிய நிறம். ஒரே சாயத்தில் மூன்றையும் சின்னத் துண்டுகளில் செய்து பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள், இபு கேட்டால் மறுக்க மாட்டார்.

பிறகு கொதிக்கும் நீரில் துணியைப் போட்டு மெழுகைக் களைய வேண்டும். இதற்கு லோரோட் என்று பெயர். இதைக் கட்டாயம் நீங்களே செய்யுங்கள். கழியால் துணியைத் தூக்கித் தூக்கி விடும்போது மெழுகு மேலே மிதந்து வரும், அதோடு ஒவ்வொரு பூவாக வெளுத்துத் தெரியும். அந்த மெழுகை வழித்து மறுபடி பயன்படுத்துவார்கள். என் துணியில் ஒரு ஓரத்தில் சாயம் புகுந்து பூக்கள் மங்கியிருந்தன. மூன்றாம் வாரம் காய்ச்சலோடு உட்கார்ந்து எழுதிய இடம் அது.

மற்ற சில

சனி, ஞாயிறு நகரத்துக்குப் போனால் பெரிங்ஹார்ஜோ சந்தையில் துணி பாருங்கள். இப்போது உங்களுக்குப் பார்க்கத் தெரியும். பின்பக்கமும் முன்பக்கம் போலவே நிறம் அழுத்தமாக இருந்தால் மெழுகு வேலை, வெளிறியிருந்தால் அச்சு. உருவம் ஒரே அளவில் திரும்பத் திரும்ப வந்தால் செப்பு அச்சால் மெழுகு ஒற்றியது. அதுவும் கைவேலைதான், விலை குறைவு. மாலியோபோரோ தெருவில் யாராவது அன்பாகப் பேசி, மாணவர் கண்காட்சி இன்றோடு முடிகிறது வாருங்கள் என்று அழைத்தால் போகாதீர்கள், விலை ஏற்றி விற்கும் தந்திரம் அது. அரண்மனைக்குள் போகும்போது பாராங் என்ற சாய்ந்த வாள்வரி உருவம் போட்ட துணியை உடுத்த வேண்டாம். அது அரச குடும்பத்துக்கென்று ஒதுக்கியது.

செலவு எனக்கு விமானக் கட்டணத்தையும் சேர்த்து 65,000 ரூபாய் சொச்சம். கோலாலம்பூரில் மாறிப் போனேன். புது விமான நிலையம் நகரத்திலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். வாடகைக் கார் வேண்டாம், ரயில் இருக்கிறது.

வரும்போது மூன்று அளவுகளில் சாந்திங் வாங்கி வாருங்கள்: கோட்டுக்கு ஒன்று, புள்ளிக்கு மெல்லியது ஒன்று, பரப்பை மூட அகலமானது ஒன்று. மூக்கு வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள். துணியை அவர்கள் லெராக் என்ற காயின் நுரையில் அலசுகிறார்கள். நம் பூந்திக்கொட்டைக்கு அது பங்காளி, இங்கே பூந்திக்கொட்டையே போதும். சோப்புத்தூள் வேண்டாம், வெயிலில் காயப்போட வேண்டாம்.

கோடாலிகருப்பூரில் தஞ்சை மராட்டிய அரண்மனைக்காக மெழுகெழுதிச் சாயம் போட்டுச் சேலை செய்தார்கள் என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஊர் எங்களுக்குக் கொள்ளிடத்துக்கு அக்கரை. பள்ளி திறந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு சனிக்கிழமைகளில் மெழுகு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்வதாக இருந்தால் நேரடித் தீயில் வாணலியை வைக்காதீர்கள், சூட்டைக் குறைக்கக்கூடிய மின்னடுப்பு வாங்குங்கள். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் நாட்டு மருந்துக் கடையில் கேளுங்கள். வாணலிக்குப் பொருந்தும் ஒரு மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர்ச் சொம்பு மெழுகுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், ஒரு சொட்டு விழுந்தாலும் தெறிக்கும்.